கதவில் குமிழி விட்ட ஃபியட்

கேள்வி:

என் அப்பா குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்தவர். 1967-இல் அவர் வாங்கிய ஃபியட் 1100 இன்றும் எங்கள் வீட்டு வண்டி. ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், அப்பா ஓட்டிய காலத்தில் இருந்தது போல அதைச் சீராக்க வேண்டும் என்று வேலூரில் ஒரு பட்டறையில் விட்டேன். டிங்கர் வேலை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய், 4 மாதத்தில் வண்டி தயார் என்று பேச்சு. 1,60,000 கொடுத்துவிட்டேன். 19 மாதம் ஆகிவிட்டது. வண்டி பின்பக்கக் கொட்டகையில் நிற்கிறது. பெயிண்ட் அடித்த இரண்டு கதவுகளிலும் மழைக்காலம் முடிவதற்குள் குமிழி கிளம்பிவிட்டது. கூரை ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. பக்கவாட்டில் ஓடும் பீடிங் பட்டை இரண்டைக் காணவில்லை. கேட்டால் பேசிய தொகைக்கு மேல் இன்னும் 80,000 ஆகும் என்கிறார்கள். நான் போய் நின்றாலே, "வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் அனுப்புங்கள் அம்மா" என்கிறார்கள். பணம் கொடுத்து முடிக்கச் சொல்லட்டுமா, வேறு பட்டறைக்கு எடுத்துப் போகட்டுமா?

– குடியாத்தம் வாசகி

பதில்:

அம்மாவுக்கு வணக்கம்.

80,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வண்டியையும் இந்த வாரமே இழுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். காட்பாடியில் 34 ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். பட்டறைக்காரர் செய்த தவறை விட, மனம் நொந்துபோன உரிமையாளர் அவசரத்தில் எடுத்த முடிவே பெரிய நஷ்டமாகிப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த இரண்டையும் முதலிலேயே சொல்கிறேன்.

கோபத்தில் கயிறு கட்டி இழுத்து வரும் பழைய வண்டி பாதி வண்டியாகத்தான் வந்து சேரும். மீதிப் பாதி அங்கே ஏதோ ஒரு கோணிப்பையில், பெயிண்ட் டப்பாவில், மேஸ்திரியின் மேசை டிராயரில் கிடக்கும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கதவுப் பூட்டின் நாக்கு, விளக்கைச் சுற்றியிருக்கும் வளையம், பீடிங்கைப் பிடித்திருக்கும் கிளிப் ஆகியவற்றைத் தொலைத்தால் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கிடைத்தாலும் உங்கள் வண்டியின் ஆண்டுக்குரியது கிடைக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். வாக்குவாதம் வேண்டாம். "என் பொருள்களை எண்ணிக் குறித்துக்கொள்ள வந்தேன்" என்று மட்டும் சொல்லுங்கள். இருப்பதை எல்லாம் ஒரு துணியில் பரப்பி வைத்துப் படம் எடுங்கள். இல்லாததைத் தனியே எழுதி, கீழே பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பீடிங் இரண்டும் அந்தப் பட்டியலில் முதலில் வரட்டும். கையெழுத்துப் போட வேண்டும் என்று வந்ததும், காணாமல் போன பல பொருள்கள் கிடைத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

அதே நாளில் பானெட்டைத் திறந்து, தகரத்தில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபதிவுக்குப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பார்கள். விவரம் தெரியாத கையாள் அதன் மேலேயே, பள்ளம் நிரப்பப் பூசும் பசையான புட்டியைப் பூசி வழித்துவிட்டால், பெயிண்டை விடப் பெரிய வழக்கு உங்களுக்கு அங்கே காத்திருக்கும்.

இனி குமிழிக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே முக்கியமானது அதுதான்.

கூரையில் தெரியும் ஆரஞ்சுத் தோலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஸ்பிரே கன்னில் காற்றழுத்தம் குறைந்திருக்கலாம், பெயிண்ட் கெட்டியாக இருந்திருக்கலாம், வெயிலில் தகரம் கொதித்துப் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்திருக்கலாம். பெயிண்டின் கனம் போதுமானதாக இருந்தால் 1500, 2000 எண் வாட்டர் பேப்பர் என்னும் தேய்ப்புத் தாளில் தேய்த்து பாலிஷ் போட்டாலே கண்ணாடி போல வந்துவிடும். இரண்டு நாள் வேலை. ஆனால் கதவில் வந்திருக்கும் குமிழியை எந்த பாலிஷும் தொடாது. அது அடியிலிருந்து வருவது.

அந்தக் கதவின் முன்னால் உட்கார்ந்து ஒரு குமிழியை ஊசியால் குத்திப் பாருங்கள். உங்கள் வண்டி, உங்கள் கதவு; எப்படியும் அதை உரித்துத்தான் ஆக வேண்டும், தயங்காதீர்கள். உள்ளே ஈரம் கசிந்தால், பெயிண்டுக்கு அடியில் தண்ணீரோ உப்போ சிக்கியிருக்கிறது. உலர்ந்த பழுப்புத் தூள் வந்தால் துருவை எடுக்காமலேயே மேலே பூசியிருக்கிறார்கள். தகரம் பளபளவென்று தெரிந்து பெயிண்ட் மட்டும் தோலாக உரிந்தால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவில்லை, அல்லது பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடிக்கவில்லை. சாம்பல் நிறப் புட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தால், பழைய பெயிண்டின் மேலேயே புட்டியை அப்பியிருக்கிறார்கள். இந்த நான்கில் எது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பட்டறைக்காரர் "மழைதான் காரணம்" என்று சொல்லும்போது அதில் எவ்வளவு உண்மை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் வந்தது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் முதலாவதுதான் என்று என் மனம் சொல்கிறது. ஹார்டனர் (இறுகவைக்கும் ரசாயனம்) கலந்து போடும் புட்டி, காய்ந்த பிறகும் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிடாமல் மேலே பெயிண்ட் அடித்தால் அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வெயில் பட்டதும் ஆவியாகிப் பெயிண்டைத் தூக்கும். புட்டியைத் தண்ணீர் விடாமல் உலர்ந்த தேய்ப்புத் தாளில்தான் தேய்க்க வேண்டும். தூசி பறக்கும், கை வலிக்கும், நேரம் ஆகும். அதனால் பல இடங்களில் வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்க்கிறார்கள்.

நம் ஊரில் இதில் இன்னொரு வினையும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் ஊர்களில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம் இது. மற்ற இடங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர்தான். அந்தத் தண்ணீரில் பிரைமரைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகளாக உப்புப் படியும். துடைத்தாலும் முழுக்கப் போகாது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால், காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அந்த உப்பு பெயிண்டின் ஊடாக ஈரத்தை உள்ளே இழுக்கும். கடுகளவில் வரிசையாக, ஒரே மாதிரி உருண்டையாகக் குமிழிகள் கிளம்பினால் பெரும்பாலும் காரணம் இதுதான். என் பட்டறையில் கடைசிக் கழுவலுக்குக் கேன் தண்ணீர்தான். இரண்டு கேன் போதும். லட்சக்கணக்கில் செலவு செய்யும் வேலையில் அந்தச் சில பத்து ரூபாயை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கதவோடு நிற்காதீர்கள். ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கும் சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். மட்கார்டு, கதவின் அடிப்பகுதி, டிக்கியின் ஓரம் என்று மெதுவாக நகர்த்துங்கள். நல்ல தகரத்தில் பிடித்து இழுக்கும். புட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி தளர்ந்து வழுக்கும், சில இடங்களில் கீழேயே விழும். விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள்: தகரம் "டங்" என்று ஒலிக்கும், புட்டி "டொக்" என்று அடங்கும். இரண்டு மில்லிமீட்டர் வரை புட்டி போடுவது தொழிலில் ஒப்புக்கொண்ட விஷயம், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். சுத்தியலும் டாலியும் (அடியில் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) வைத்துத் தட்டி நிமிர்த்த வேண்டிய பள்ளத்தை விரற்கடை கனத்துக்குப் புட்டியால் நிரப்புவதுதான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

கதவுகளுக்குக் கீழே, வண்டியின் நீளத்துக்குப் பெட்டி போல ஓடும் பகுதியைக் கட்டாயம் பாருங்கள். பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். உங்கள் ஃபியட்டுக்கு லாரியைப் போல அடியில் தாங்கும் தனி இரும்புச் சட்டம் கிடையாது. உடம்பேதான் சட்டம். முதுகெலும்பு பாதி அந்தப் பெட்டியில் இருக்கிறது. உட்புறமிருந்து துருப்பிடித்து அரித்திருக்கும் அதன் மேல் ஒரு துண்டுத் தகரத்தை ஒட்டவைத்துப் புட்டி போட்டால், வெளியே அழகாகத்தான் தெரியும். ஒரு சோதனை சொல்கிறேன். வண்டி தரையில் நிற்கும்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு நடுவில் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லி, அதே இடைவெளியைப் பாருங்கள். அது விரிந்தாலோ சுருங்கினாலோ, கதவு இழுத்து மூட வேண்டியிருந்தாலோ, உடம்பு வலுவிழந்திருக்கிறது. அப்படியானால் பெயிண்டைப் பற்றிப் பேசுவதற்கே இன்னும் நேரம் வரவில்லை.

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களிடம் 2,40,000 என்று மொத்தமாகப் பேசியவர் அன்றே ஏமாற்ற நினைத்துப் பேசியிருக்க வேண்டும் என்பதில்லை. பெயிண்டை உரிக்காத நிலையில் ஐம்பது, அறுபது வயது வண்டிக்கு யாராலும் சரியான விலை சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. அடியில் எவ்வளவு துரு இருக்கிறது, முன்னால் யார் எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்பதெல்லாம் தகரம் வெளிப்பட்ட பிறகே தெரியும். விலை தெரியாத வேலைக்கு விலை சொல்லி, அட்வான்ஸ் வாங்கி, பாதி உரித்ததும் கையைக் கடிக்கும் என்று தெரிந்துபோகிறது. அந்த நாளில் உங்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தைரியம் இல்லாமல் வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதன்பின் கிணற்றில் போட்ட கல்தான்.

அதற்குள் தேசிய நெடுஞ்சாலையில் இடிபட்ட புது வண்டிகள் தினமும் வந்து நிற்கும். பம்பரையும் மட்கார்டையும் கழற்றிப் புதிதாக மாட்டி, பெயிண்ட் அடித்து மூன்றாம் நாள் அனுப்பினால் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பணம் வந்துவிடும். உங்கள் ஃபியட்டை முழுக்க உரித்துத் தட்டி வெல்டிங் செய்து முடிக்க 300 மணி நேர உழைப்புக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. சம்பள நாள் நெருங்கும்போது பட்டறைக்காரர் எந்த வண்டியைத் தொடுவார் என்று சொல்லத் தேவையில்லை. கை வேலை தெரிந்த பழைய டிங்கர்களும் குறைந்துவிட்டார்கள். இன்றைய பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆனால் கழற்றி மாட்டத்தான் கற்றிருக்கிறார்கள். ஒரு தகரத் துண்டைத் தட்டித் தட்டி மட்கார்டின் வளைவுக்குக் கொண்டுவர அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இவையெல்லாம் உங்களை 19 மாதம் அலையவிட்டதற்கு நியாயம் ஆகாது. அடுத்த முறை எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நானும் ஒருமுறை இந்தத் தவறு செய்தவன். தொழில் தொடங்கிய புதிதில், ஆரணியிலிருந்து பட்டு வியாபாரி ஒருவர் மகள் கல்யாணத்துக்காகத் தன் அம்பாசடரைக் கொடுத்தார். ஐப்பசி மாதம், விடாத அடைமழை. அந்தக் காலத்தில் சீக்கிரம் காயும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்தான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரத்தின் மேற்பரப்பு குளிரும்; காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனியாகப் படியும்; கறுப்புப் பெயிண்ட் பால் தெளித்தது போல வெளுக்கும். என் கண் முன்னாலேயே வெளுத்தது. முகூர்த்த நாள் நெருங்கிவிட்டது என்று, தேய்த்து பாலிஷ் போட்டு அனுப்பிவிட்டேன். கல்யாணத்தன்று வண்டி பளபளத்தது. பொங்கலுக்குள் மங்கி, வெடிப்பும் விட்டுவிட்டது. அவர் சண்டை போடவில்லை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "நாள் போதாது என்று அன்றே சொல்லியிருந்தால் வேறு வண்டி பார்த்திருப்பேனே" என்றார். மாசி மாதம் முழுவதையும் உரித்து மறுபடி அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து முடியாததை முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பட்டறைக்காரரிடம் என்ன பேசுவது? வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பேசுங்கள். இதுவரை என்னென்ன முடிந்தது, அதற்கு எவ்வளவு என்று எழுதிக் கணக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். 1,60,000-க்குள் எது அடங்கியது, கூடுதல் 80,000 எந்தெந்த வேலைக்கு என்று தெரிய வேண்டும். நியாயமான கணக்காக இருந்தால், அவரே இரண்டு கதவுகளையும் தன் செலவில் தகரம் வரை உரித்து, உங்களுக்குக் காட்டி, பிரைமர் அடிக்கட்டும். அதைச் சரியாகச் செய்து காட்டினால் அவரிடமே தொடரலாம். செய்ய மறுத்தால், கணக்கு முடித்து எழுதி வாங்கிக்கொண்டு, பொருள் பட்டியலைச் சரிபார்த்து வண்டியை எடுத்து வாருங்கள்.

இனி எந்தப் பட்டறையானாலும், உரிப்பதற்கு மட்டும் முதலில் விலை பேசுங்கள். கண்ணாடி, ரப்பர், விளக்கு, பீடிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உரிக்க வேண்டும். ரப்பர் மேல் காகிதம் ஒட்டி அடித்தால் அந்த ஓரத்திலிருந்துதான் பெயிண்ட் முதலில் கிளம்பும். மணல் வீசி உரிக்கலாம் என்று சொன்னால், அடிப்பகுதிக்கும் கனமான பாகங்களுக்கும் மட்டும் சம்மதியுங்கள். பானெட், கூரை, கதவுத் தகடு போன்ற அகன்ற மெல்லிய தகரம் அந்த அடியில் நெளிந்துவிடும், பிறகு எந்த டிங்கராலும் அதை முழுக்க நேராக்க முடியாது. தகரம் வெளிப்பட்ட அன்றே போய்ப் பாருங்கள், படம் எடுங்கள். பெரிய விலையை அப்போது பேசுங்கள். ஆனால் நாள் கடத்தாதீர்கள். வெறும் தகரம் நம் மழைக்காலக் காற்றில் ஓர் இரவிலேயே செந்நிறமாகிவிடும், அதனால் எபாக்ஸி பிரைமர் உடனே ஏற வேண்டும். புட்டி அந்த பிரைமரின் மேல்தான் வர வேண்டும் என்பது என் கட்சி. வெறும் தகரத்தில் நேரடியாகப் போடலாம் என்று வாதிடும் நல்ல தொழிலாளிகளும் உண்டு. ஈரமும் உப்பும் சேர்ந்த நம் ஊருக்கு நான் அதை ஒப்புக்கொள்வதில்லை.

டிங்கர் வேலை முடிந்ததும் கதவுகள், பானெட், டிக்கி எல்லாவற்றையும் மாட்டி, இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெயிண்டுக்குப் போக வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு கதவைச் சரிசெய்யத் தட்டுவது புதுப்புடவையில் தையல் பிரிப்பது போல. ஒவ்வொரு படிக்கும் தனித் தொகை, அந்தப் படியைக் கண்ணால் பார்த்த பின் கொடுங்கள். தகர வேலைக்குத் தாராளமாகக் கொடுங்கள் அம்மா. பேரம் பேச வேண்டுமென்றால் பெயிண்டில் பேசுங்கள், தகரத்தில் பேசாதீர்கள்.

பெயிண்ட் அடிக்கும் காலம்: தை பிறந்து மாசி முடியும் வரை நம் பக்கத்தில் மிக நல்ல காலம். காற்றில் ஈரம் குறைவு, தகரமும் கொதிக்காது. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது கொட்டகையில் அடித்தால், கன்னிலிருந்து கிளம்பும் துளி தகரத்தைத் தொடும் முன்பே பாதி காய்ந்துவிடும். மேல்தோல் சட்டென்று மூடிக்கொண்டால் உள்ளே அகப்பட்ட தின்னர் ஊசித்துளைகளாக வெடித்து வெளியேறும். மூடிய பெயிண்ட் பூத் இருக்கும் பட்டறை என்றால் மாதக் கணக்கு அவ்வளவாக வேண்டியதில்லை. கம்ப்ரஸரில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அதைத் திறந்து தண்ணீரை வடித்துக் காட்டினால் நல்ல பட்டறை.

நிறத்துக்கு வருகிறேன். வெளியே தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், எத்தனை முறை அடித்தார்களோ. டேஷ்போர்டில் இருக்கும் சிறிய பெட்டியின் மூடியைத் திறந்து அதன் உள்விளிம்பைப் பாருங்கள். கதவு ரப்பருக்கு அடியிலும் டிக்கி விரிப்புக்கு அடியிலும் வெயில் படாத பழைய பெயிண்ட் இருக்கும். அந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு 800 எண் தாளால் மெதுவாகத் தேய்த்தால், மரத்தை அறுத்த வளையம் போல ஒவ்வொரு காலத்துப் பெயிண்டும் வட்டம் வட்டமாக வெளிவரும். பிரைமருக்கு அடுத்த வளையம்தான் உங்கள் அப்பா கடையிலிருந்து ஓட்டி வந்த நிறம். அதைப் பார்த்து நிறம் கலந்து, ஒரு தகரத் துண்டில் அதே கன்னால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். டியூப் லைட்டில் ஒத்துப்போகும் நிறம் வெயிலில் பிரிந்து தெரியும். காலை வெயிலில் வைத்துப் பார்த்த பின் சம்மதம் சொல்லுங்கள். அந்தக் கால ஃபியட்டுக்கு மினுமினுப்பு இல்லாத தனி நிறம்தான் அழகு. பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டிலேயே அதை அப்படியே அடிக்கலாம். மேலே தனியாகக் கிளியர் கோட் என்னும் நிறமில்லாப் பூச்சைப் பூசினால் நேற்று வாங்கிய வண்டி போலக் கண்ணைக் கூசும், அப்பாவின் வண்டி போல இருக்காது. நிறம் மாறுகிறது என்றால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பி.யூ. பெயிண்ட் என்றதும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் ரசாயனம் இருக்கிறது. நுரையீரலில் சேர்ந்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் அந்தப் பெயிண்டர் பிறகு அந்த வாசனைக்கே ஆக மாட்டார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். துண்டு அதைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்று குழாயில் வரும் முகமூடி வேண்டும். என் வாத்தியார் 50 வயதைத் தாண்டியதும் நான்கு படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ராணிப்பேட்டையில் அவர் வீட்டுத் திண்ணையில் அவர் மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்த மாலைகளை என்னால் மறக்க முடியாது. நீங்கள் பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள். வாடிக்கையாளர்கள் கேட்டால்தான் முதலாளிகள் வாங்குவார்கள்.

"ஆண்களை அனுப்புங்கள்" என்று சொன்னது எங்கள் தொழிலுக்கே அவமானம். யாரையும் அனுப்ப வேண்டாம், நீங்களே போங்கள். என் பட்டறையில் 11 ஆண்டுகளாக நிறம் கலப்பவர் ஒரு பெண்தான். அவர் கண்ணுக்குத் தப்பும் வித்தியாசத்தை இதுவரை எந்த வாடிக்கையாளரும் கண்டுபிடித்ததில்லை. காந்தத்தை எடுத்து மட்கார்டில் வைத்து, "இங்கே புட்டி எவ்வளவு கனம்?" என்று நீங்கள் ஒருமுறை கேட்டுவிட்டால் பேச்சின் தோரணையே மாறிவிடும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170-ஆவது பிரிவின்படி, செய்த வேலைக்கு உரிய கூலி வரும் வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை வேலை செய்தவருக்கு உண்டு. ஆனால் ஒப்புக்கொண்டபடி வேலையைச் செய்திருக்க வேண்டும். அதனால்தான் கணக்கையும் படங்களையும் எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பேச்சு பலிக்கவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். 4 மாதக் கெடு முடிந்தே 15 மாதம் ஓடிவிட்டதால், இன்னும் நாள் தள்ளாமல் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து நோட்டீஸாவது அனுப்பிவைப்பது நல்லது. எதற்கும் ரசீதுகள் உங்களிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கிக் கணக்கில் பணம் போன பதிவே போதும்.

பழமையான வண்டிகளுக்கான தனிப் பதிவைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அப்பாவின் வண்டியில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், சாதாரணப் பதிவையே 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். வட ஆற்காடு மாவட்டம் என்று முத்திரை குத்திய பழைய ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள், பட்டறையில் கொடுத்து வைக்காதீர்கள்.

குமிழியைக் குத்திப் பார்த்துவிட்டு, உள்ளே ஈரமா, துருவா, வெறும் தகரமா என்று எழுதுங்கள். ஜாக்கி போட்டபோது கதவு இடைவெளி மாறியதா என்பதையும் எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான், இந்தத் தையில் பெயிண்ட் அடிக்கலாமா, அடுத்த தை வரை தகர வேலைக்கு விடவேண்டுமா என்று சொல்ல முடியும். பீடிங் இரண்டும் கிடைக்கவே இல்லை என்றால், எந்தப் பக்கம், எந்தக் கதவு, எவ்வளவு நீளம் என்று அளந்து குறிப்பிடுங்கள்.